லொறிகள் திரும்பிய பக்கம்

நெல்லிகந்த தோட்டம்,
கீழ் டிவிசன்,
தெல்தெனிய.
21.01.2024

மதிப்பிற்குரிய தர்சிகா அம்மாவுக்கு,

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. என் பெயர் நிலூஷா. இந்தத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. என் கணவர் அஜந்தன் மடவளையில் அஸ்ஃபர் நானாவின் ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். அவர் ஆணி சுற்றிக் கொண்டுவந்த பேப்பரில்தான் உங்கள் படத்தைப் பார்த்தேன். குண்டசாலையில் உங்கள் லேனுக்குப் பின்னால் குப்பை கொட்ட வந்த லொறிகளைச் சனங்கள் ஒன்றாகச் சேர்ந்து நிறுத்திவிட்டார்கள் என்றும், நீங்கள்தான் அந்தக் குழுவின் செயலாளர் என்றும் போட்டிருந்தது. முகவரியை அஸ்ஃபர் நானா விசாரித்துக் கொடுத்தார்.

அந்த லொறிகள் அதற்குப் பிறகு எங்கே போயின என்று பேப்பரில் எழுதவில்லை. அவை எங்களிடம் வருகின்றன, அம்மா.

மேல் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிய பள்ளம் ஒன்று இருக்கிறது. தீபாவளி முடிந்து லொறிகள் வரத் தொடங்கியபோது எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் ராஜலிங்கம், "மண்ணு போடுறாங்க, புதுசா கன்னு வைக்கப் போறாங்க" என்றார். நாங்களும் நம்பினோம். பிறகு காற்று கீழே திரும்பிய நாளில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும் ஊற்று அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருந்துதான் வருகிறது. இப்போது குடத்தில் பிடித்து வைத்தால் மேலே ஆடை கட்டுகிறது. பிள்ளைக்காம்பராவில் ஒரு கையால் பால் போத்தலைக் கொடுத்துக்கொண்டு மறு கையால் ஈ ஓட்டுகிறேன்.

உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். நீங்கள் எப்படி நிறுத்தினீர்கள் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள். முதலில் யாரிடம் போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும்? இங்கே பெண்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அ. நிலூஷா


குண்டசாலை
30.01.2024

அன்புள்ள நிலூஷா,

உங்கள் கடிதத்தை வங்கியில் இருந்து வந்த உடுப்போடேயே நின்று வாசித்தேன். பிறகு அதை என் கணவரிடம் கொடுத்தேன். றமணன் வாசித்துவிட்டு, "லொறி எங்கையாவது போகத்தானே வேணும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த வசனம் எனக்குள்ளேயும் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. லொறிகள் நின்ற அன்று நாங்கள் பாற்சோறு செய்து ஒழுங்கை முழுக்கப் பகிர்ந்தோம். சிங்கள வீடுகள், முஸ்லிம் வீடுகள், எங்கள் வீடு, எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அவை எங்கே போகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். சுற்றாடல் அதிகாரிகளுக்கு அதன் பிரதி போனது. வீடு வீடாகக் கையொப்பம் வாங்கினோம். எங்கள் தலைவர் தாஸிம் ஹாஜியாருக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் குப்பை அள்ளும் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கடைசியாக ஒரு காலை நேரம் வீதியில் கதிரை போட்டு இருந்தோம். சபையின் பெரிய அதிகாரி தானே வந்து ஹாஜியாரின் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்தார். அவ்வளவுதான். சொல்லப்போனால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு சுலபமா என்று.

உங்களுக்கும் அதே வழிதான். கிராம உத்தியோகத்தரில் இருந்து தொடங்குங்கள். நான் வந்து இடத்தைப் பார்க்கிறேன். என் தொலைபேசி எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். என்னை அம்மா என்று எழுத வேண்டாம், எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

அன்புடன்,
தர்சிகா


நெல்லிகந்த
03.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு லயத்தில் ஒரு வாரம் உங்கள் பேச்சுத்தான். பள்ளத்தருகில் நின்றபோது நீங்கள் லேஞ்சியை மூக்கில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்ததும் எடுத்து மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். அம்மா அதைக் கவனித்திருக்கிறார். "நம்ப மனசு நோகக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க, நல்ல பொம்பள" என்று எல்லோரிடமும் சொன்னார். எங்கள் அம்மா பாலம்மா யாரையும் அவ்வளவு இலேசில் நல்லவர் என்று சொல்ல மாட்டார்.

நீங்கள் சொன்ன வழியில் போனோம். கிராம உத்தியோகத்தர் முகம் கொடுத்துத்தான் பேசினார். ஆனால் அது தோட்டத்துக் காணி, தோட்டத்து விஷயத்தில் தான் தலையிட முடியாது, தோட்டத்தை நடத்தும் துரையிடம் போங்கள் என்றார். துரையின் பங்களாவுக்குப் போனோம். அவர் வாசலில் நிற்க வைத்து, "இடத்த சபைக்குக் குடுத்தாச்சு, சபையில போய்க் கேளுங்க" என்றார். வேலை நாளை விட்டுவிட்டுச் சபைக்குப் போனோம். அங்கே கிளாக் ஒருவர், வீடு யார் பேரில் இருக்கிறது, சபைக்கு வரி கட்டுகிறீர்களா என்று கேட்டார். வீடு தோட்டத்தின் பேரில், வரி தோட்டம் கட்டுகிறது என்றோம். அப்படியென்றால் தோட்டம்தான் முறைப்பாடு செய்ய வேண்டும் என்றார். சபை கலைந்து கிடப்பதால் வாக்குக் கேட்டு வந்த உறுப்பினர் ஒருவரைப் பிடித்துக் கேட்கவும் வழியில்லை.

நீங்கள் போன அதே கதவுகளைத்தான் தட்டினோம், அக்கா. எங்களுக்கு மட்டும் அவை ஒன்றையொன்று காட்டிவிடுகின்றன.

உங்கள் முதல் கடிதம் தோட்டத்து ஒபிசில் உடைக்கப்பட்டுத்தான் என் கைக்கு வந்தது. இனி அஸ்ஃபர் நானாவின் கடை முகவரிக்கு எழுதுங்கள். போனும் பெரும்பாலும் அஜந்தனிடம்தான் இருக்கும். இங்கே சிக்னல் பிடிக்கப் பாறை மேல் ஏற வேண்டும்.

பெண்கள் கூடிப் பேசினோம். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை லொறி திரும்பும் வளைவில் உட்காரப் போகிறோம். உங்கள் குழுவில் இருந்து நாலைந்து பேர் எங்களோடு நின்றால் போதும். பேச வேண்டாம், நின்றால் போதும்.

நிலூஷா


குண்டசாலை
24.03.2024

அன்புள்ள நிலூஷா,

நேற்று எங்கள் குழுக் கூட்டம். உங்கள் விஷயத்தை நான் எழுப்பினேன். பள்ளத்தில் எடுத்த படங்களைக் காட்டினேன். எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பாவம், பாவம் என்றார்கள். ஒருவர் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு வாட்டர் ஃபில்டர் வாங்கித் தரலாம் என்றார். உடனே மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். வந்து உங்களோடு நிற்பதைப் பற்றிக் கேட்டபோது படங்களை என்னிடம் திருப்பித் தந்தார்கள்.

கடைசியில் தாஸிம் ஹாஜியார்தான் வாயைத் திறந்தார். "மகள், நீங்க சொல்றது நியாயம். ஆனா அங்க நிப்பாட்டினா அந்த லொறி எங்க வரும்? திரும்பி எங்கட பக்கம் தானே. எனக்கு ஹார்ட் ஒபரேசன் செஞ்சீக்கிது. இன்னொருக்கா ரோட்டுல குந்த ஏலா."

அவரோடு கோபிக்க எனக்கு முடியவில்லை. எங்கள் மறியலில் முதல் கதிரையைப் போட்டு இருந்தவர் அவர்தான். கூட்டம் முடியும்போது, நெல்லிகந்த விஷயத்தில் குழுவின் பெயரைப் பாவிக்கக்கூடாது என்று தீர்மானம் எடுத்தார்கள். செயலாளர் என்பதால் அந்தத் தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கேட்ட கேள்வி போகவில்லை. குப்பையை எங்கே போடுவது என்று சபை யோசிக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், உரமாக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுத்தான் நாங்களும் தொடங்கினோம். எங்கள் ஒழுங்கை தப்பியதும் அந்தக் கோரிக்கைகளை மறந்துபோனோம்.

குழு வராது. நான் வருவேன். என்னோடு வங்கியில் வேலை செய்யும் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விடியவே வந்துவிடுவேன், நம்பி இருங்கள்.

தர்சிகா


நெல்லிகந்த
05.05.2024

தர்சிகா அக்காவுக்கு,

உங்கள் நம்பரை நான் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அதனால் நீங்கள் அழைத்தாலும் எனக்கு வராது. இந்தக் கடிதத்தைக்கூட எழுத வேண்டாம் என்றுதான் அஜந்தனின் தம்பி சொன்னான். எனக்கு ஒரு கேள்வி இருப்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் விடியற்காலை இருட்டுப் பிரியும்போது வளைவுக்குப் போனோம். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வதாகத் திட்டம். ஆனால் பொலிஸ் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. ஜீப்பும் பஸ்ஸும். லொறி ஒன்றுகூட வரவில்லை, நாங்கள் உட்காரக்கூட இல்லை. தலைவர் ராஜலிங்கம் அவர்களோடு நின்றுகொண்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல், "போயிருங்கம்மா, பெரிய எடத்துல இருந்து வந்திருக்கு, போயிருங்க" என்றார்.

நாங்கள் போகவில்லை. அம்மா முதலில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். "கார்ல வர்றவங்க வந்துட்டா போலிசு கை வைக்காது, கொஞ்சம் பொறுங்க புள்ளைகளா" என்று அம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் கீழ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கார் வந்தது. அது டாக்டரின் கார். அது போய்விட்டது.

பெண் பொலிஸ் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அதனால் ஆண் பொலிஸ்காரர் ஒருவர் அம்மாவைக் கையில் பிடித்து இழுத்தார். அம்மா ரோட்டில் முழங்கால் தேய விழுந்தார். அஜந்தன் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினார். அவ்வளவுதான் செய்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரச உத்தியோகத்தரின் கடமைக்கு இடைஞ்சல் செய்தார் என்று அவரைக் கொண்டுபோய் ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் அவர் பெயர் ஏற்கெனவே இருந்தது. "அஜந்தன் யாரு?" என்று கேட்டுத்தான் ஜீப்பில் இருந்தே இறங்கினார்கள்.

எங்களைக் கலைத்து லயத்துக்கு அனுப்பிய பிறகு லொறிகள் வரிசையாக மேலே போயின. வழக்கத்தைவிட அதிகமாகப் போயின.

என் கேள்வி இதுதான். சனிக்கிழமை உட்காரப் போகிறோம் என்பது லயத்துக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். லயத்தில் யாரும் சொல்லவில்லை என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். ராஜலிங்கத்துக்கே வெள்ளிக்கிழமை பொலிஸ் கூப்பிட்டுத்தான் தெரிந்ததாம்.

யதுஷி அப்பா எங்கே என்று கேட்கிறாள். அவளுக்கு ஐந்து வயது. கடையில் வேலை கூடிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நிலூஷா


குண்டசாலை
12.05.2024

நிலூஷா,

நான்தான் சொன்னேன்.

காட்டிக்கொடுக்க நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் மறியலுக்கு முதல் நாள் தாஸிம் ஹாஜியார் பொலிசுக்கும் சபைக்கும் அறிவித்தார். அதனால் பொலிஸ்காரர்கள் வந்து வாகனங்களைத் திருப்பிவிட்டு, எங்களுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்தார்கள். ஒருவர் ஹாஜியாருக்குக் குடையும் பிடித்தார். முறையாக அறிவித்துவிட்டால் பாதுகாப்பு என்று நான் நம்பியிருந்தேன். சபையில் என்னோடு படித்த ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பெண்கள்தான் வருவார்கள், அமைதியாக இருப்பார்கள், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். யார் ஒழுங்கு செய்வது என்று கேட்டார். அஜந்தன் என்பவர் உதவி செய்கிறார், நல்ல பொடியன் என்று சொன்னேன். நீர் சொன்னது நல்லதாய்ப் போயிற்று என்றார்.

சனிக்கிழமை நான் புறப்பட்டு வந்தேன். வங்கிக்காரர் இரண்டு பேரும் கடைசி நேரம் வரவில்லை. இவர்தான் காரை ஓட்டினார். தெல்தெனியச் சந்தி தாண்டியதும் பொலிஸ் மறித்தது. மிகவும் மரியாதையாக, மேடம், மேலே பிரச்சினை, உங்கள் பாதுகாப்புக்காகத் திரும்பிப் போங்கள் என்றார்கள். இறங்கி நடந்து வந்திருக்கலாம். அந்த இடத்தில் இருந்து வளைவு தூரம் இல்லை என்று இப்போது தெரியும். அப்போது இவர், "நீர் எத்தினை பேருக்கெண்டு பாப்பீர், வேலையும் போகப் போகுது" என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. அவர் காரைத் திருப்பினார்.

அஜந்தனின் பிணைக்குச் சட்டத்தரணி ஒருவரை ஒழுங்கு செய்திருக்கிறேன். அவர் உங்களைத் தேடி வருவார். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டார்.

பாலம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தர்சிகா


குண்டசாலை
21.07.2024

அன்புள்ள நிலூஷா,

உங்களிடம் இருந்து பதில் இல்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை. அஜந்தன் பிணையில் வந்துவிட்டார் என்றும் திரும்பக் கடைக்கு வருகிறார் என்றும் அஸ்ஃபர் நானாவிடம் கேட்டு அறிந்தேன். நான் குழுவில் இருந்து விலகிவிட்டேன். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பது தெரியும்.

ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. கொழும்பில் சுற்றாடல் வழக்குகளைக் காசு வாங்காமல் எடுக்கும் ஒரு சட்டத்தரணி, பள்ளத்தின் படங்களைப் பார்த்துவிட்டு வழக்குப் போடலாம் என்கிறார். குப்பை கொட்டுவதை மட்டும் இல்லை, தோட்டத்து மக்களின் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையும் நீதிமன்றத்தில் வைக்கலாமாம். வென்றால் உங்கள் பள்ளத்தோடு முடியாது, வேறு இடங்களுக்கும் அது உதவும். நானே மனுதாரராக நிற்கிறேன் என்றேன். சரிவராது, பாதிக்கப்பட்டு அங்கேயே வசிக்கும் ஒருவர்தான் வேண்டும் என்கிறார்.

பாலம்மாவைப் போடலாமா என்று யோசித்தேன். தோட்டத்துக்கு எதிராகக் கையொப்பம் வைத்தால் அவருக்கு வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். அஜந்தன் மேல் வழக்கு இருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் தோட்டத்தில் வேலைக்குப் பதிந்தவர்கள்.

பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டார்கள் என்று அஸ்ஃபர் நானா சொன்னார், அதனால் நீங்கள்தான் மிச்சம். வழக்கு முடியும்வரை நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

தர்சிகா


நெல்லிகந்த
11.08.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அஜந்தன் ஒரு கிழமை சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் கொடுத்தார். நான் வாசித்துக் காட்டியபோது, "அவுங்களே கேசு போட முடியாதாமா?" என்று கேட்டார். அவர்கள் வீட்டில் நாற்றம் இல்லை, அதனால் முடியாதாம் என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் ரிமாண்டில் இருந்து வந்த பிறகு சிரித்தது அன்றுதான்.

பிள்ளைக்காம்பராவைச் சித்திரைக்குப் பிறகே மூடிவிட்டார்கள். தாய்மார் பிள்ளைகளை விட வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். விட வராதது ஈக்குப் பயந்து. ஆகவே நானும் இப்போது தோட்டத்தில் பதிந்தவள் இல்லை. அந்த விதத்தில் நீங்கள் சொன்னது சரி, நான்தான் மிச்சம்.

வளைவில் உட்கார்ந்த பெண்கள் இப்போது என்னோடு பேசுகிறார்கள், ஆனால் கூட்டம் என்றால் வருவதில்லை. சுமதி அக்கா குடும்பத்தோடு வத்தளைக்குப் போய்விட்டார். கடைசி லயத்தில் மூன்று காம்பரா பூட்டிக் கிடக்கிறது. பள்ளத்தில் இப்போது புகையும் வருகிறது. யாரும் கொளுத்தவில்லை, உள்ளேயே எரிகிறதாம். மழை பெய்தாலும் அணையவில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆறிவிட்டது. மலையேறும்போது மட்டும் நொண்டுகிறார்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத முடியாது. ஆனால் நீங்கள் பொய் சொல்லவில்லை. பொலிஸ், தலைவர், துரை, சபை என்று இவ்வளவு பேரோடு பேசினோம். நான்தான் செய்தேன் என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

கையெழுத்து வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு நாள் இங்கே வந்து தங்குங்கள். விருந்துக்கு இல்லை. கேஸ் முடியும்வரை இரு என்று என்னிடம் சொல்பவர் ஒரு நேரமாவது இங்கே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நிலூஷா


குண்டசாலை
27.10.2024

அன்புள்ள நிலூஷா,

உங்கள் வீட்டில் தங்கிய அந்த நாளைப் பற்றி இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. பாலம்மா சோற்றுக் கோப்பையைத் தந்தபோது யதுஷி என் பக்கத்தில் இருந்து பேப்பரால் விசிறிக்கொண்டே இருந்தாள். "நீங்க சாப்பிடுங்க, நான் ஈய ஓட்டுறேன்" என்றாள். இருமுவதற்காக நிறுத்தி நிறுத்தி விசிறினாள். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

வழக்கு மறுபடியும் தள்ளிப் போயிருக்கிறது. இம்முறை தோட்டத் தரப்பின் சட்டத்தரணி வரவில்லை. போன முறை சபையின் தரப்பு ஆவணங்கள் ஆயத்தம் இல்லை என்றது. அடுத்த தவணை ஜனவரி கடைசியில். இடைக்காலத் தடை கேட்கும் விண்ணப்பமும் அன்றுதான் எடுக்கப்படும். அதற்குள் நீங்கள் இடம் மாறினால் மனு நிற்காது என்று சட்டத்தரணி சொல்கிறார். அங்கே வசிக்கிறீர்களா என்று மறுதரப்பு ஆள் விட்டுப் பார்க்குமாம்.

யதுஷியை என் வீட்டில் விடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அது சரி, ஐந்து வயதுப் பிள்ளை தாயை விட்டு இராது. இருந்தாலும் திரும்பக் கேட்கிறேன். ஜனவரி வரை பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறு சொல்ல ஒன்றும் இல்லை. பொறுக்க முடியுமா, நிலூஷா?

தர்சிகா


அஸ்ஃபர் ஹாட்வெயார், மேல்மாடி,
மடவளை.
15.12.2024

அன்புள்ள தர்சிகா அக்காவுக்கு,

மேலே உள்ள முகவரியைப் பார்த்ததும் உங்களுக்கு விளங்கியிருக்கும். நாங்கள் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம்.

கார்த்திகை மழையில் புகை கீழே இறங்கி லயத்துக்குள் நின்றுவிட்டது. யதுஷிக்கு மூச்சிழுப்பு வந்தது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்து அனுப்பினார்கள். அடுத்த தடவை அவளுக்கு உதடு நீலமாகிவிட்டது. அஜந்தன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வளைவுவரை ஓடினார். அங்கே மேலே ஏறிக்கொண்டிருந்த குப்பை லொறிக்காரர்தான் நிறுத்தி, லொறியைப் பின்பக்கமாகவே இறக்கித் திருப்பி, எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் பெயர் தினேஸ். அவருக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறதாம். அவரோடு என்ன சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அம்மா தமிழ் கொஞ்சம் பேசினார். "புகை இல்லாத இடத்துக்கு கூட்டிப் போங்க. மருந்து குடுக்கலாம், ஆனா அங்கயே வச்சுக்கிட்டு மருந்து குடுத்து வேலை இல்லை" என்றார். ஜனவரிவரை இருக்கலாமா என்று நான் கேட்டேன், அக்கா. கேஸை நினைத்துத்தான் கேட்டேன். அவருக்கு நான் எதற்காகக் கேட்கிறேன் என்று தெரியாது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து துணிகளைக் கட்டினேன்.

அஸ்ஃபர் நானா கடைக்கு மேல் ஒரு அறை தந்திருக்கிறார். பழைய பெயின்ட் வாளிகளை ஒதுக்கி இடம் செய்துகொண்டோம். யதுஷிக்கு இழுப்பு இல்லை. இரவில் எழும்பாமல் தூங்குகிறாள்.

சட்டத்தரணி ஐயா போனில் பேசினார். ஏசவில்லை. வேறு ஒருவர் கிடைத்தால் புதிதாகப் போடலாம் என்றார். லயத்தில் கேட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. வெளியே போகக் கூடியவர்கள் போய்விட்டார்கள். இருப்பவர்கள் தோட்டத்து வேலைக்காக இருக்கிறார்கள், அவர்களால் கையெழுத்து வைக்க முடியாது. அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். எங்களோடு வாருங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "நான் வேலைய விட்டா காம்பராவ எடுத்துருவாங்க. நாளைக்கு அஜந்தன் கேசு ஒருமாதிரியாப் போனா நீ புள்ளையோட எங்க போவ?" என்றார். காலையில் முழங்காலைத் தடவிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்.

நீங்கள் உங்களைத் திட்டிக்கொண்டு எனக்கு எழுத வேண்டாம். நீங்கள் வேறு மாதிரிச் செய்திருந்தாலும் லொறி போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைப்பது ஆறுதலாகவும் இல்லை.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. இங்கே வந்த வாரம் காலையில் கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது. அஸ்ஃபர் நானாவின் மனைவி றிப்தா படியில் நின்று கூப்பிட்டார். "நிலூஷா, குப்ப லொறி வந்தீக்கிது, பேக்க எடுத்துக்கிட்டு வாங்க." பையைக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். தினேஸின் லொறி. அவர் என்னைக் கண்டதும் பிள்ளைக்கு எப்படி என்று கேட்டார். சுகம் என்றேன். இது எங்கே போகிறது என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் தானே" என்றார்.

பையை மேலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். றிப்தா ஏன் என்று கேட்டார், இன்னும் நிரம்பவில்லை என்றேன். மூலையில் மூடி வைத்தேன். ஒரே அறை, அக்கா. சமைப்பதும் அதில்தான், யதுஷி படுப்பதும் அதில்தான். மீன் செதில், தேயிலைச் சக்கை, அவளுடைய மருந்துக் குப்பிகள். மணக்கத் தொடங்கியது. ஈ வந்தது. அடுத்த தடவை ஹோர்ன் கேட்டபோது ஓடிப்போய்ப் போட்டேன்.

இப்போது ஒவ்வொரு தடவையும் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்து அம்மாவைப் பார்க்கப் போகிறேன். போகும்போது இங்கத்தைய பைப்பில் ஒரு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறேன். அதை அம்மா குடிக்க மட்டும் வைத்துக்கொள்கிறார். அடுத்த ஞாயிறுவரை அது வருவதில்லை.

அன்புடன்,
நிலூஷா